கதவுக்கு முன் ஒரு சீழ்க்கை

வாளியைக் கீழே வைத்துவிட்டு, உதட்டைக் குவித்து, ஷெட் கதவைப் பார்த்துச் சீழ்க்கை அடிப்பான் வெர்ன் பாஸ்கோ. ஏதோ ஒரு பழைய வால்ட்ஸ் மெட்டு. அதில் பாதிதான் அவனுக்குத் தெரியும். பாதியில் நின்றுபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பான்.

"உள்ள பிள்ளை பெத்தவ படுத்திருக்கா. திடுதிப்புனு கதவத் தொறந்தா பயந்துடுவா. பயந்தா குட்டியவே தின்னுடுவா. யாரு வர்றான்னு முன்னாடியே சொல்லிட்டுப் போறது ஒரு மரியாதை இல்லையாடா?" என்பான். அவன் சொல்வது எலியைப் பற்றி.

எங்கள் ஊரான டிம்பூலாவில் கோதுமை ஏற்றிப்போகும் சரக்கு ரயிலை அவன் ஓட்டினான். அதே ரயிலில் கார்டு, டக் என்கிற நான். இந்த எலி விவகாரம் அவன் மகளால் வந்தது. ஆசை ஆசையாய் ஒரு மலைப்பாம்புக் குட்டியை வாங்கினாள், கொஞ்ச நாளில் கல்யாணமாகி மெல்போர்னுக்குப் போய்விட்டாள். பாம்பு தங்கிவிட்டது. அதற்கு இரை வேண்டுமே என்று இரண்டு வெள்ளெலி வாங்கி வந்தான். இரண்டு எலி எத்தனை நாளைக்கு இரண்டாகவே இருக்கும்? ஷெட் நிறைந்தது. ஊரில் பாம்பு வளர்க்கிற அத்தனை பேரும் சனிக்கிழமையானால் அவன் வாசலில் நின்றோம். நானுந்தான். என் மனைவி என்னை விட்டுப்போன வருஷம் நான் ஒரு மலைப்பாம்பு வாங்கி ஷெர்லி என்று பெயர் வைத்தேன். இல்லை, மனைவியின் பெயர் ஷெர்லி இல்லை. எல்லோரும் கேட்கிறார்கள்.

அந்த ஷெட்டின் வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. மரத்தூள், கோழித்தீவனம், எலி மூத்திரம். கண்ணே எரியும். சுவரோரம் அடுக்கடுக்காய்ப் பிளாஸ்டிக் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். எங்கள் ஊர் ஜனவரிக் கோடையில் தகரக் கூரை கொதிக்கும்போது தண்ணீர் பாட்டில்களை உறையவைத்துத் தொட்டிக்கு ஒன்றாய்ப் போடுவான். எலிகள் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். நாங்கள் வெளியே வியர்த்து வழிந்துகொண்டிருப்போம். "எங்களுக்கும் ஒண்ணு குடேன்டா" என்றால், "நீ குட்டி போடு, தர்றேன்" என்பான்.

கொல்கிற வேலையை என்னைத் தவிர யாரையும் பார்க்க விடமாட்டான். எலிகளைக் காற்றுப்புகாத பெட்டியில் வைத்து, வாயுவைத் திறந்துவிட்டு, அது முடியும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். ரயில்வே கொடுத்த அந்தத் தொப்பி வேறு எங்கேயும் தலையை விட்டு இறங்காது. சர்ச்சுக்குள்கூட அவன் மனைவி கிளெனிஸ் முழங்கையால் இடித்தால்தான் கழற்றுவான். நன்றாகப் பால் கொடுத்து வளர்த்த தாய்களை அவன் எந்தப் பாம்புக்கும் தரமாட்டான். அவற்றுக்குத் தனித்தொட்டி. 'பென்ஷன்காரிகள்' என்று பெயர். கிழடு தட்டி, கொழுத்து, தானாகச் சாகும்வரை அங்கே தின்றுகொண்டிருக்கும்.

உறையவைத்த எலிகளை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வைப்பான். எங்கள் ஊரில் யார்தான் ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கிப்போடுகிறார்கள்? ஒருமுறை புல்தரையில் பந்துருட்டி விளையாடும் கிளப்பின் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கிளெனிஸ் அவசரத்தில் வேறு டப்பாவை எடுத்துப் போய்விட்டாள். வெனிலா என்று மேலே எழுதியிருந்தது. திறந்தால் இளஞ்சிவப்பாய், சுண்டுவிரல் நுனி அளவில், முடி முளைக்காத குட்டிகள். அன்றைக்குக் கிளப்பில் எழுந்த அலறல் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கேட்டதாம்.

வயலெல்லாம் எலி பெருகிய வருஷம் ஒன்று வந்தது. ராத்திரியானால் ரோடே நகர்வதுபோல் இருக்கும். மதுக்கடையில் எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்: "ஊரே எலியா கெடக்கு, நீ இன்னும் வளத்துக்கிட்டு இருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?" வெர்ன் பீரைக் கீழே வைத்தான். "அதெல்லாம் விஷம் தின்ன எலிடா. ஒண்ணத் தின்னா போதும், உன் பாம்பு காலி." கேலி செய்தவர்கள் சனிக்கிழமை வரிசையில் முதலில் நின்றார்கள். என்ன நாட்கள் அவை!

அப்போதெல்லாம் கிளெனிஸ் ஷெட்டுக்குள் காலடி வைத்ததில்லை. எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுகிறவள். "ஒண்ணு நான், இல்ல எலி" என்று சண்டை போட்டபோது, "ஷெட்டுல எலி, வீட்டுல நீ" என்று வெர்ன் முடித்துவிட்டான். அவளுக்கு அந்தச் சீழ்க்கையும் எரிச்சல். எந்தக் கதவைக் கண்டாலும் அவன் வாய் தானாகக் குவிந்துவிடும். "பாத்ரூம் கதவுக்குக்கூட விசிலடிக்குது இந்த மனுஷன். உள்ள யாரு குட்டி போட்டிருக்கா?" என்று என்னிடம் கேட்பாள்.

போன இலையுதிர் காலத்தில் வெர்னுக்குப் பக்கவாதம் வந்தது. வலதுகை தொங்கிப்போய், வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கிளெனிஸ்தான் தீவனம் போட்டாள், பாவம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கதவைப் படாரென்று திறந்து, வாளியைக் கவிழ்த்துவிட்டு ஓடிவருவாள். ஒவ்வொரு தொட்டியாகக் குட்டிகள் காணாமல் போயின.

அவன் வீடு திரும்பியும் குட்டிகள் காணாமல் போவது நிற்கவில்லை. கதவுக்கு முன்னால் நின்று ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. எனக்கும் முடியாது, என் முன்பல்லெல்லாம் கால்பந்தாட்டத்தில் போய்விட்டது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் உள்ளே தடதடவென்று ஓட்டம், மறுநாள் காலிக்கூடு. கிளெனிஸ் அடுப்படியில் என்னிடம் சொன்னாள்: "வீடே செத்துக் கெடக்கு, டக். எந்த ரூம்ல இருக்காருன்னே தெரியல. போய்த் தேட வேண்டியிருக்கு." சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதாள்.

சென்ற சனிக்கிழமை போனேன். வெர்ன் விடியற்காலையிலிருந்தே ஷெட்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு இளந்தாய் முந்தின நாள்தான் ஈன்றிருந்தது. நான் பூனைபோல உள்ளே நுழைந்து அவன் பக்கத்தில் நின்றேன்.

"இது ஒண்ணு... பாப்போம்," என்றான் குழறிக் குழறி. "இதுவும்... போச்சுன்னா, எல்லாத்தையும்... குடுத்துடு. மூடிடலாம்."

தாய் குட்டிகள் மேல் பரவிப் படுத்திருந்தது. நாங்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டோம். அப்போது சரளைக்கல்லில் செருப்புச் சத்தம். கிளெனிஸ் தேநீர் கொண்டுவருகிறாள். அவள் கதவு திறக்கும் லட்சணம் தெரியாதா? குரல் கொடுத்துத் தடுக்கவும் வழியில்லை, கத்தினால் அதுவே போதும். வெர்ன் கண்ணை மூடிக்கொண்டான்.

செருப்புச் சத்தம் கதவுக்கு வெளியே நின்றது.

பிறகு ஒரு சீழ்க்கை. ஐயோ, என்ன சீழ்க்கை அது! சுருதியும் இல்லை, ஒன்றும் இல்லை, பாதி எச்சில், பாதி காற்று. ஆனால் அதே வால்ட்ஸ். அவன் வழக்கமாய் நிற்கிற இடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

தாய் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. மீசை இரண்டுதரம் துடித்தது. அப்புறம் குட்டிகளை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு மறுபடி படுத்தது.

தாழ்ப்பாள் மெல்ல விலகியது. ஒரே கையில் இரண்டு குவளையையும் கோத்துப் பிடித்து, கண் இறுக மூடியிருக்க, கிளெனிஸ் வலதுகாலைத் தூக்கி ஷெட்டுக்குள் வைத்தாள். "ஓடுதா? எதுவும் ஓடுதா? சொல்லித் தொலைங்கப்பா!" என்று கிசுகிசுத்தாள்.

வெர்ன் இடதுகையை மெதுவாக உயர்த்தி, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.