பாக்கலாம்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே 'பாக்கலாம்'தான். மச்சான் வண்டியைக் கேட்டாலும், உரக்கடைக்காரர் புது மருந்தை நீட்டினாலும், அவர் வாயில் வரும் பதில் அது ஒன்றே. அதற்கு மாட்டேன் என்று அர்த்தம். கேட்டவர்களும் புரிந்துகொண்டு நடையைக் கட்டுவார்கள். மூஞ்சிக்கு நேரே முடியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. அவ்வளவு நல்லவர், இல்லாவிட்டால் அவ்வளவு கோழை.

"பொண்ணு பிடிச்சிருக்கானு கேட்டப்பவும் இதையேதான் சொன்னாரு. எங்கப்பா வெகுளி, சரின்னு நினைச்சுட்டாரு" என்பாள் மனைவி.

அவளுடைய அப்பாவையும் மிஞ்சிய ஒரு வெகுளி, மடிப்புக் கலையாத சட்டையோடு ஆய்வு அதிகாரியாக வந்து சேர்ந்தார்.

"அண்ணே, விவசாயத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வந்தா ஏத்துக்குவீங்களா?"

"பாக்கலாங்க."

"அருமைண்ணே!"

தெரு முழுக்க அதே பதில். இங்குள்ள விவசாயிகள் நூற்றுக்கு நூறு தயார் என்று கூட்டத்தில் அறிவித்தார்கள். வேண்டாம் என்ற அர்த்தத்தில் 'பாக்கலாம்' சொன்ன அத்தனை பேரும் மரியாதைக்குக் கைதட்டினார்கள். முதல் கருவியை நம்மாள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள்.

வயலில் அந்த வருஷம் தக்காளி. காயும் பிஞ்சுமாக நின்றது. வீட்டுக்கு வேறு வரும்படி கிடையாது. அதன் நடுவே மண்ணில் ஒரு குச்சியைச் செருகினார்கள். அது ஈரம் பார்க்கும். காய்ந்திருந்தால் கைபேசி வழியாகக் கேட்கும். ஆமென்றால் தானே தண்ணீர் திறக்கும். விலை உயர்ந்த சாமானாயிற்றே, நனைந்து கெட்டால் என்ன செய்வது என்று அவர் குச்சியைச் சுற்றி ஒரு முழத்துக்குத் தார்ப்பாய் விரித்து, விளிம்பில் கல் வைத்தார். கரிசனம் ரொம்ப ஜாஸ்தி.

ஒரு நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. வயலெல்லாம் சொதசொதவென்று இருந்தது, தார்ப்பாய்க்கு அடியில் மட்டும் தூசி பறந்தது. கைபேசி பேசியது: "மண் காய்ந்துள்ளது. தண்ணீர் திறக்கலாமா?"

'மழையில இதுக்கென்ன பைத்தியமா' என்று நினைத்தார். ஆனால் கேட்பது பெண் குரல். பொட்டில் அடித்தாற்போல் எப்படி மறுப்பது?

"பாக்கலாம்மா" என்றார்.

ஆய்வில் அந்தச் சொல்லுக்கு எந்தப் பொருளைக் கண்டார்களோ, அதையேதான் கருவிக்கும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நன்றி சொல்லிவிட்டுத் திறந்தது. மழைத் தண்ணீரோடு கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்து நின்று, அந்த வாரமே வேரெல்லாம் அழுகியது. செடிகள் கூட்டமாகத் தலையைத் தொங்கப் போட்டன.

அதிகாரி வந்தார். "நீங்கதானே சம்மதம் சொன்னீங்க? உங்க குரல் பதிவாயிருக்கேண்ணே."

"தம்பி, பாக்கலாம்னா வேண்டாம்னு அர்த்தம்!"

"அப்ப வேண்டாம்னே சொல்லியிருக்கலாமே."

"சரி, போனது போகட்டும். புது நாத்தாவது குடுங்க. மறுபடி நட்டாத்தான் எங்க வீட்டுல அடுப்பெரியும்."

அதிகாரி பிடரியைச் சொறிந்தார். குச்சியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், நம்மாள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"பாக்கலாம்ணே."

நம்மாள் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வாசலிலேயே மனைவி காத்திருந்தாள்.

"நாத்து தர்றாங்களாமா?"

"தர மாட்டாங்க" என்றார்.

அந்த வாயிலிருந்து ஒரு கேள்விக்கு நேரான பதிலை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.