மானிப்பாயில் ஒரு ரெக்கோடிங் பார்

ரெக்கோடிங் பார் என்று பலகை மாட்டினால் பாட்டுப் பதியத்தான் ஆள் வரும் என்று நினைப்போம். வருகிறவர்களில் பாதிப்பேர் எதையாவது பழுதாக்கிக்கொண்டுதான் வருவார்கள். எண்பத்துமூன்றிலிருந்து தொண்ணூற்றைந்து வரை மானிப்பாயில் அந்தப் பலகையின் கீழ் நான் இருந்தேன். கசெற்றின் வயிற்றிலிருந்து நாடா வெளியே வந்து தொங்க, பென்சிலைச் செருகிச் சுற்றிச் சுற்றிக் கை உளைந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியானால் நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

மண்ணிறக் கோடு

நல்லூரிலிருந்து இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் மனைவியோடு வந்தார். லண்டனில் இருக்கும் அவருடைய தம்பி, தன் மகள் வீணை வாசிப்பதைச் சின்னப் படச்சுருளில் பிடித்து அனுப்பியிருந்தார். சத்தத்தோடு ஓடும் சுருள். அதை ஓட்டுகிற மெஷினைத் தம்பி முன்பே லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்திருந்தார். முதல்தரம் போட்டபோது வீணை நன்றாகக் கேட்டதாம். அடுத்த கிழமை போட்டால் படம் மட்டும் ஓடுகிறது. மெஷினைத் திருத்தித் தரும்படி கேட்டார்.

மெஷினில் ஒரு பிழையும் இல்லை. இப்படியான சுருளின் ஓரத்தில் மண்ணிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது காந்தப் பூச்சு. சத்தம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. இந்தச் சுருளில் அந்தக் கோட்டைக் காணவில்லை. விசாரித்தபோது, இரும்பில் துரு ஏறினதுபோல ஓரமெல்லாம் கறள் பிடித்திருந்ததால் ஸ்பிரிட் தொட்டுத் தானே ஒரு பின்னேரம் முழுக்க இருந்து துடைத்ததாக அந்த அம்மா சொன்னார். ஐயா கதிரையில் இருந்துவிட்டார். அம்மா சற்று யோசித்து அவருக்கு ஆறுதல் சொன்னார்: "பரவாயில்லையப்பா. பிள்ளை பிழையாய் வாசிச்சிருந்தாலும் இனி ஒருத்தருக்கும் தெரியவராது."

நடுவில் கொஞ்சம் பேச்சில்லை

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போன ஆட்கள் பலர் கடிதம் எழுதமாட்டார்கள். கசெற்றில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். ஜேர்மனியிலிருந்து கணவன் அனுப்பிய கசெற் ஒன்றைக் கொண்டு ஒரு பெண் வந்தாள். பக்கத்து வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டாளாம். மாமியாரும் கேட்கப்போகிறார், அதற்கு முன் ஓரிடத்தை அழிக்கவேண்டும் என்றாள். எந்த இடம் என்று கேட்டேன். காட்டினால் எனக்கும் கேட்குமே என்று தயங்கினாள். வேறு வழியில்லை, போட்டாள்.

குளிரைப் பற்றிச் சொன்னான், அறையில் தன்னோடு இருப்பவர்களைப் பற்றிச் சொன்னான். பிறகு, "நீ வைக்கிற மீன்குழம்பு நல்லதுதான், எண்டாலும் அம்மாவின்ரை கைப்பக்குவம் உனக்கு வராது" என்றான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமி இதைக் கேட்டால் தான் பிறகு அந்தக் குசினிக்குள் நிற்க ஏலாது என்று மெதுவாகச் சொன்னாள். நியாயம்தான். மேலே வேறொன்றும் பதிந்து அழியாமலிருக்க, கசெற்றின் முதுகோரத்திலுள்ள சின்னப் பிளாஸ்ரிக் காதை அவன் உடைத்து அனுப்பியிருந்தான். அந்த ஓட்டையில் பிளாஸ்ரர் ஒட்டி, அந்த ஒரு வசனத்தின் மேல் வெறும் மௌனத்தைப் பதிந்து கொடுத்தேன்.

நாலைந்து நாளில் மாமியார் தனியாக வந்தார். அதே கசெற். நடுவில் கொஞ்சம் பேச்சில்லை, அதைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டார். அழிந்தது அழிந்ததுதான் என்றேன். அதில் என்ன இருந்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் கவலைப்படவில்லை. கசெற்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டே சொன்னார்: "என்னைப் பற்றி ஏதோ நல்லதாய்த்தான் சொல்லியிருக்கிறான், தம்பி. கூடாததெண்டால் அவள் விட்டுவைச்சிருப்பாள்."

சுற்றுகிற ஆள்

தொண்ணூறுக்குப் பிறகு சண்டையாலும் பொருளாதாரத் தடையாலும் கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். நீங்களும் சுற்றியிருப்பீர்கள். நான் பதிந்து கொடுத்த பக்திப்பாட்டுக் கசெற்றைத் தோட்டக்காரர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். பாடகர் செத்தவீட்டில் பாடுவதுபோல இழுக்கிறாராம். கடைக்குப் பின்னால் என் சயிக்கிளைக் கவிழ்த்து, அவரையே சுற்றச் சொன்னேன். பாட்டு வடிவாக வந்தது. வீட்டில் யார் சுற்றுகிறது என்று கேட்டேன். மனைவியாம். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவள் சுத்தினால் பாட்டு அழுகுது. நான் சுத்தினால் பாட்டைக் கேக்க எனக்குத் தெம்பில்லை."

தாலி கட்டின இடம்

நெல்லியடியிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வீடியோ நாடா ஒன்றோடு வந்தார்கள். மகள் கலியாணம் முடித்த கொஞ்ச நாளில் மாப்பிள்ளை கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அவளை அங்கே எடுப்பதற்கு, கலியாணம் நடந்ததென்று விசாக்காரருக்குக் காட்டக் கலியாண வீடியோ வேண்டுமாம். ஷெல்லடிக்கு வீட்டை விட்டு ஓடியபோது நாடாவைப் பொலித்தீன் பையில் சுற்றி வளவில் தாட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பிவந்து கிண்டி எடுத்தால் உள்ளே ஈரம். நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். வேறு கொப்பி இல்லை.

நாடாவை நிழலில் உலரவிட்டு, மெல்லிய துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து, வேறொரு கூட்டுக்குள் மாற்றினேன். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரைப் போட்டு, ஓடும்போதே இன்னொரு நாடாவில் பதிந்தேன். மாப்பிள்ளை அழைப்பு வந்தது. மணவறை வந்தது. ஐயர் தாலியை எடுத்தார். அதோடு திரை முழுக்க வெள்ளைப் புள்ளி மழை. கெட்டிமேளம் மட்டும் கேட்டது. மழை விட்டபோது எல்லோரும் பந்தியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்; பாயாசம் ஊற்றுவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளை திரையைப் பார்த்தபடியே நின்றாள். திருப்பி ஓட்டிப் பார்க்கலாமா என்று தகப்பன் கேட்டார். மறுபடி ஓட்டினால் மிச்சப் பூச்சும் உரிந்துவிடும் என்று சொன்னேன். இருப்பதை அனுப்பிவிடுவோம் என்றாள் அவள்.

பல மாதம் கழித்துத் தகப்பன் தனியாக வந்தார். மகள் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். தாலி கட்டுகிற இடம் இல்லாததைப் பற்றி விசாக்காரர் ஒன்றும் கேட்கவில்லையா என்றேன். அவர் சிரித்தார்: "ஒண்டும் கேக்கேல்லை, தம்பி. நடக்காத கலியாணத்திலை உவ்வளவு சனம் சாப்பிடாது எண்டு அவைக்கும் தெரியும்தானே."

இந்தத் தொழிலில் நான் திருத்தியது கொஞ்சம், கேட்டது நிறைய, கேட்டும் கேளாததுபோல இருந்ததுதான் முழுநேர உத்தியோகம்.