எஞ்சின்காரி

எங்கள் வேனுக்குள் ஒருத்தி குடியிருந்தாள் என்று இன்று சொன்னால், என் மனைவி முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். துபாய்ப் பக்கம் அஜ்மானில், ஒன்பது வயதில், எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. அவள் குரலைத் தினமும் காலையில் கேட்டேன். அவளுக்கு எஞ்சின்காரி என்று பெயர் வைத்தவனும் நான்தான்.

அப்பா ஷார்ஜாவில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்த்தார். போகிற வழியில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். கார் லிஃப்ட் என்பார்கள் அங்கே. அதற்கென்று வாங்கிய பழைய டீசல் வேன் அது. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். அதற்கு ஒரு தகர மூடி. மூடியின் ரப்பர் பின்பக்கம் கிழிந்து, விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அந்த வாய்க்கு நேர் பின்னால் என் தங்கச்சியின் இடம். முன்னால், அப்பாவுக்குப் பக்கத்தில், மகாராஜாவாக நான்.

குளிர்காலத் தொடக்கத்தில் மாமா வேனுக்கு இன்ஜெக்டர் மாற்றிக் கொடுத்தார். அம்மாவின் தம்பி, முவைலாவில் தொழிலாளர் கேம்பில் இருந்த டீசல் மெக்கானிக். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற ஊசிகள்தாம் இன்ஜெக்டர் என்று எனக்கு விளக்கியதும் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை, மாடியில் அம்மா வைத்த பிரியாணியின் வாசனை கீழே வந்து சேர்வதற்குள், பழைய ஊசிகளைப் பிடுங்கிப் புதியவற்றைச் சொருகி முடித்துவிட்டார்.

“கலாஸ் அத்தான், முடிஞ்சிட்டு. இனி வண்டி பறக்கும்” என்று கை கழுவினார்.

பறந்ததோ இல்லையோ, அவள் வந்து சேர்ந்தாள்.

ஷ்... ஷ்... ஷ்... மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைக்கிறவள் போடுகிற அதே சத்தம், தகர மூடிக்கு அடியிலிருந்து. அப்பா மிதித்தால் அவளும் அவசரப்படுவாள். சிக்னலில் நின்றால் நிதானமாகிவிடுவாள், யாரெல்லாம் கண்ணை மூடிவிட்டார்கள் என்று காது கொடுத்துக் கேட்பவள்போல.

“என்ன சத்தம்ப்பா?” என்றேன்.

“பழைய வண்டில்லா. மூச்சு வாங்கத்தான் செய்யும்.”

மூச்சு வாங்குகிறது என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகு எனக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

முதலில் தூங்கியது தங்கச்சி. பிறகு அவள் பக்கத்தில் இருந்த பிள்ளை. அப்புறம் அடுத்த வரிசை. ஒரே பென்சிலுக்கு ஊரைக் கூட்டுகிற கூட்டம், ஷார்ஜா ரவுண்டானா வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். எல்லாத் தலையும் ஒரே பக்கமாக. பள்ளி வாசலில் இறங்கும்போது தங்கச்சி தலை வலிக்கிறது என்பாள். ராத்திரியெல்லாம் டிவி பார்த்தால் வலிக்காதா என்று அம்மா அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தாள். அப்பாவுக்கோ பரம சந்தோஷம்.

“இப்பந்தாம்ல பிள்ளைகள் மாதிரி இருக்குதுக.”

கண்ணாடியில் பனி படிகிறது என்று அவர் தன் பக்கத்து ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்திருப்பார். அந்தக் குளிர்காற்றில் நானும் அவரும் மட்டும் முழித்திருந்தோம். அவள் என்னை ஏன் விட்டுவைத்தாள் என்று யோசித்தேன். கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்து, இவனைக் கொண்டுபோய் என்ன செய்ய என்று விட்டிருப்பாள்.

ஆனால் தங்கச்சியை அவள் விடமாட்டாள் என்று தோன்றியது. நாளுக்கு நாள் தங்கச்சியை எழுப்ப அதிக நேரம் பிடித்தது. ஒருநாள் எழுப்பவே முடியாமல் போய்விடும். அதற்குள் எஞ்சின்காரிக்கு ஏதாவது கொடுத்து ஒப்பந்தம் பேசியாக வேண்டும். கோழி அறுக்க வசதியில்லை. டிபன் பையில் கிரீம் பிஸ்கட் இருந்தது. பென்சில் விழுந்ததுபோலக் குனிந்து, பின்னால் கை நீட்டி, ரப்பர் வாய்க்குள் தினமும் ஒன்றைப் போட்டேன். கிரீமை நக்கிவிட்டுத்தான். பேய்க்கு எதற்குக் கிரீம்?

கடும் பனிமூட்டம் விழுந்த ஒரு காலை. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. வேனுக்குள் ஒரு சத்தமில்லை, அவளுடையதைத் தவிர. திரும்பிப் பார்த்தேன். தங்கச்சியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கூப்பிட்டேன். கிள்ளினேன். நான் கிள்ளி அவள் கத்தாத முதல் நாள் அது.

“அப்பா, பாப்பா எந்திரிக்க மாட்டுக்கா.”

“தூங்கட்டும்ல.”

அப்போதுதான் என் காணிக்கை வேலை செய்தது. சூட்டில் கிடந்த பிஸ்கட்டெல்லாம் கருகி, மூடிக்கடியிலிருந்து நீலப் புகை எழும்பியது. வண்டி தீப்பிடித்துவிட்டது என்று அப்பா மணலில் இறக்கி நிறுத்தி, கதவைத் திறந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார். பனிக்குள் அவர்கள் தள்ளாடிக்கொண்டு நின்றார்கள். தங்கச்சி நிற்கவில்லை. அப்பா அவளைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் சட்டை முழுக்க வாந்தி எடுத்து, அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா மதியமே வந்தார். எங்கள் கட்டடத்துக்கு முன்னால் இருந்த மணல் திடலில் மூடியைத் திறந்தார்கள். இன்ஜெக்டர்களைச் சுற்றித் தார் ஊற்றியதுபோலக் கரி வழிந்து இறுகிக் கிடந்தது. அதைத் தட்டி உடைத்து அவர் ஒரு ஊசியைப் பிடுங்கியதும், அடியில் கறுப்பாக ஒரு குழி தெரிந்தது. அவள் வீடு.

மாமா கிரீஸ் தடவிய துணியை நூலில் கட்டி உள்ளே விட்டு, குழியின் அடிவாயை அடைத்தார். கரித்தூள் எஞ்சினுக்குள் விழக்கூடாதாம். அவள் வாயைக் கட்டுகிறார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு கம்பியால் சுரண்டினார், உருளை பிரஷ் போட்டுத் திருகினார், டார்ச் அடித்துப் பார்த்தார், மறுபடி சுரண்டினார். எங்கிருந்தோ பிரியாணி வாசனை வந்தும் நிமிரவில்லை.

ஒரு குழியின் அடியிலிருந்து கொக்கியில் மாட்டி எதையோ எடுத்தார். கரி மூடிய செப்பு வளையம்.

“என்னது மாப்ள?” என்றார் அப்பா.

“பழைய வாஷர், அத்தான். கரியோட கரியா ஒட்டிக் கெடந்திருக்கு. நான் பாக்காம, அதும்மேலயே புதுச வச்சு முறுக்கிருக்கேன். சரியா ஒக்காரல. அந்தச் சந்து வழியாத்தான் வெசப்பொகை உள்ள வந்து, பிள்ளைகளுக்கு...” என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அப்பா அந்த வளையத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எல்லாக் குழியும் சுத்தமானதும் துணிகளை உருவிவிட்டு, மிச்சத் தூள் வெளியேற அப்பாவைச் சாவி போடச் சொன்னார் மாமா. “தள்ளி நில்லுல” என்றார். அவள் போவதைப் பார்க்காமல் எப்படி? எட்டிப் பார்த்தேன். ஹஃப் என்று ஒரு மூச்சு, முகம் முழுக்கக் கரி. என் கோலத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

புது வாஷர், புது ரப்பர் எல்லாம் போட்டாயிற்று. சத்தம் போய்விட்டது. மூடிக்கடியில் கருகிக் கிடந்த பிஸ்கட்டுகளை எல்லாரும் பார்த்துவிட்டதால் உதை நிச்சயம் என்று காத்திருந்தேன். அப்பா அதே பிஸ்கட்டில் ஒரு பெட்டி வாங்கி வந்து கொடுத்தார். பேயோட்டியதற்குச் சம்பளம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் வேனில் பழையபடி சந்தை இரைச்சல். ஆனால் பரீட்சை நாட்களில் பிள்ளைகள் புத்தகத்தை விரித்துக்கொண்டு கொஞ்சம் அமைதியானால் போதும், அப்பாவின் பார்வை பின்பக்கம் காட்டும் கண்ணாடிக்குப் போகும்.

“ஏலேய், பேசுங்கல. எவனாவது சண்ட போடுங்கல.”

வீட்டில் தங்கச்சி தூங்கும்போதும் வந்து, அவள் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார். போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு கிடப்பேன். எஞ்சினை விட்டுப் போனவள் அப்பாவுக்குள் புகுந்துகொண்டாள் என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.