கையெழுத்துப் போட மறுத்த ஜெயசீலி மேடம்

ஜெயசீலி மேடம் இறந்த செய்தி எனக்கு விளம்பரமாகத்தான் வந்தது. கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் அவர் படம், காலையில் மாரடைப்பு என்று ஒரு வரி. அதன் கீழே, எத்தனையோ தம்பதியரின் குறை தீர்த்த நம் மாத்திரையைத் தந்த விஞ்ஞானிக்கு அஞ்சலி என்று எழுதி, மாத்திரை டப்பாவின் படத்தையும் ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் கும்பிடும் கை போட்டார்கள். நானும் போட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதும் தகுதி உங்கள் எல்லோரையும்விட எனக்குக் குறைவு.

ஆரம்பாக்கத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்களின் மகள் அவர். எங்கள் மூலிகை மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். நான் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தேன். கருப்பையின் உள்படலம் மாதத்தில் சில நாள்தான் கருவை ஏற்கும் பக்குவத்தில் இருக்கும். அந்தப் பக்குவம் கூடாமல், நல்ல கருவும் ஒட்டாமல் போகிற பெண்கள் உண்டு. அவர்களுக்கு உதவும் பொருள் ஏதாவது செடிகொடியில் கிடைக்குமா என்று தேடினார். ஒரு கிழங்கில் அகப்பட்டது. அதன் பெயரை எழுதினால் நாளைக்கே யாராவது இடித்துக் குடிப்பார்கள், எழுதவில்லை.

கண்ணாடித் தட்டில் வளர்த்த உள்படலச் செல்களின் மேல் அந்தப் பொருளை விட்டார். கருவுக்குப் பதிலாகச் சிறு செல் உருண்டைகளை அதன்மேல் வைத்தார். கழுவிப் பார்த்தபோது பெரும்பாலானவை விடாமல் ஒட்டியிருந்தன. நாங்கள் கைதட்டினோம். அவர் எல்லோருக்கும் சமோசா வரவழைத்துவிட்டுச் சொன்னார்:

"ரொம்ப ஆடாதீங்கப்பா. தட்டுலதான் ஒட்டிக்கினு கீது. தட்டு இன்னா கர்ப்பப்பையா?"

நிர்வாகத்துக்குத் தட்டே போதுமானதாக இருந்தது. அந்தப் பொருளை மாத்திரையாக்கி, டப்பாவில் 'கரு தங்க உதவும்' என்று அச்சிட ஆய்வுக்கூடத்தின் கையெழுத்து வேண்டும். மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். விலங்குகளிடம் பார்க்க வேண்டும், பிறகு டாக்டர்களை வைத்துப் பெண்களிடம் பார்க்க வேண்டும், பல வருடம் ஆகும் என்றார் மேடம்.

"மேடம், உங்களுக்கே குழந்தை இல்ல. இந்தப் பொம்பளைங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாதா?" என்றார் மேலாளர்.

மேடத்துக்கு மூன்று முறை மருத்துவமனையில் கரு வைத்து, மூன்றும் தங்கவில்லை. அது மேலாளருக்கும் தெரியும்.

"தெரியும் சார். அதனாலதான் போட மாட்டேன்றேன்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் அவரை அட்டைப்பெட்டிகளைச் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் நாற்காலி எனக்கு வந்தது. கையெழுத்தை நான் போட்டேன். கேன்டீன் வரிசையில் என் பின்னால் நின்ற மேடம், கோபமே இல்லாமல் கேட்டார்: "அத்த படிச்சிட்டாவது போட்டியா?"

மாத்திரை கடைக்கு வந்து ஒரு வருடம் இருக்கும். ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெண் காலி டப்பாவோடு கேட்டில் வந்து நின்றாள். மதியம் சாப்பிட வெளியே வந்த என்னையும் மேடத்தையும் காவலாளி கைகாட்டிவிட்டார்.

"ஆஸ்பத்திரிய வுட்டுட்டு இத்தத்தான் சாப்டுக்கினு கீறேன் மேடம். இன்னும் எவ்ளோ நாள் சாப்டணும்?"

நான் டப்பாவைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். மேடம் அவளை வேப்பமர நிழலுக்கு அழைத்துப்போனார்.

"இத்த நிறுத்திடும்மா. இது வேலை செய்யும்னு யாருக்கும் தெரியாது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ."

"அப்போ இதுல எழுதிக்கீதே?"

"தப்பா எழுதியிருக்கோம்."

அந்தப் பெண் அழவில்லை. "என் ஒரு வருஷத்த யார் தருவா? நீயெல்லாம் பொம்பளையா?" என்று மேடத்தைத்தான் கேட்டாள். மேடம் வாங்கிக்கொண்டார். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கம்பெனி ரகசியத்தை வெளியாளிடம் சொன்னார் என்று அந்த மாதமே அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி அவர் மனு மேல் மனு எழுதினார் என்று கேள்விப்பட்டேன். ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன்தான் ஆரம்பாக்கம். உயிரோடு இருந்தவரை ஒருநாள்கூட அவர் வீட்டுக்குப் போனதில்லை. அடக்கத்துக்குப் போனேன். மேலாளர் பெரிய மாலையோடு வந்து, மேடத்தின் லட்சியத்தைக் கம்பெனி தொடரும் என்று பேசினார். மேடத்தின் கணவர் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். நாம் உட்கார்ந்து கேட்டோம்.

என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக நேற்று கம்பெனிக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். வேலை போகும். மாத்திரை நிற்குமா என்று தெரியாது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சொல்தான். "தப்பா எழுதியிருக்கோம்" என்றார். அதை எழுதியதில் அவருக்குப் பங்கே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத் தன்னையும் சேர்த்துக்கொண்டார். எழுதியது நான் மட்டும்தான் என்று அவர் காதில் விழும்படி ஒருமுறையாவது நான் சொல்லியிருக்கலாம்.