புள்ளி வைத்த வெள்ளைச் சாமி

செல்லூரில் எங்கள் நெசவுப் பட்டறைக்குத் துண்டு மடிக்க அகலமான மேசை ஒன்று தேவைப்பட்டது. இடிக்கப்போகிற பழைய பங்களா ஒன்றில் பில்லியர்ட்ஸ் மேசை கிடைத்தது. பச்சைத் துணிக்கு அடியில் முழுக்கக் கல். பலகை பலகையாகக் கழற்றி எட்டுப் பேர் தூக்கியும் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

மேசை மூலையில் தொங்கிய வலைப்பைக்குள் ஒரு பந்து கிடந்தது. பழுத்த வெள்ளை நிறம், நடுவில் சின்னக் கறுப்புப் புள்ளி. அதைப் பார்த்ததும் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"ஏங்க, கண்ணு வச்ச சாமிங்க. தானா நம்மளத் தேடி வந்திருக்கு."

பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்தோம். உசிலம்பட்டியில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் அப்போது மாசமாக இருந்தாள். இரண்டு தடவை கலைந்து, இது மூன்றாவது. தினமும் பால் தெளித்து அந்த வெள்ளைச் சாமியிடம்தான் வேண்டினோம்.

மகளுக்கு எட்டாம் மாதம் நடந்தபோது மேசைக்கால் ஆடியது. கிளப்புகளில் இந்த மேசைகளுக்குத் துணி மாற்றுகிற ஒருவரை அழைத்தேன். பில்லியர்ட்ஸ் ஆட்டம் முதலில் புல்தரையில் நடந்ததாம். வீட்டுக்குள் வந்தபோது புல்லுக்குப் பதில் பச்சைத் துணியாம். கதை சொல்லிக்கொண்டே தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தவர் எங்கள் சாமி அலமாரியைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, பந்துக்கு எதுக்குப் பூ?"

"அது சாமிய்யா."

"அட போங்கண்ணே! யானைத் தந்தத்துல கடைஞ்ச பந்து. அந்தக் காலத்துல பிளாஸ்டிக்கு ஏது? ஒரு தந்தத்துக்கு நாலஞ்சுதான் தேறும். இந்தப் புள்ளி உள்ள ஓடுன நரம்பு. அது நடுவுல இருந்தாத்தான் பந்து நேரா உருளும்."

அவர் போனதும் மனைவி கேட்டாள்: "யானைன்னா பிள்ளையார்தானே? நல்லதுதானே?"

"கொன்னுல்ல எடுத்திருப்பான்."

"அது அவன் பாவம். சாமி மேல என்ன குத்தம்?"

வைத்திருந்தால் செத்த உயிரின் தீட்டா? எடுத்துவிட்டால், வேண்டுதலை நடுவில் விட்ட குற்றம் பிள்ளைத்தாய்ச்சியைப் பிடிக்குமா? குருக்களிடம் கேட்கப் போனேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் திருநீறு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அப்பா, வெள்ளைச் சாமிக்கு விளக்குப் போட்டாச்சா? புள்ள நல்லா உதைக்குதுப்பா."

"இந்தா, போடுறேன்மா."

விளக்கேற்றிக் கைகூப்பினேன். அந்த யானையிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும், மகளுக்காக வேண்டவும் வேண்டும். எதை முதலில் கேட்பதென்று தெரியாமல், திரி எண்ணெய் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.