தனி அடுப்பு

முதுமையில் குடும்ப உறவுகள் எப்படி மாறுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒருநாள் கடப்பாக்கத்தில் வயதான ஒரு மீன்காரம்மாவின் வீட்டில் கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். மகன் குடும்பத்தோடுதான் இருப்பதாகவும், ஆனால் தனி அடுப்பில் சமைத்துக்கொள்வதாகவும் சொன்னார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தாளின் ஓரத்தில் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்று எழுதினேன். முகத்தையும் அதற்கேற்றபடி வைத்துக்கொண்டேன்.

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இன்னாத்துக்கும்மா மூஞ்ச அப்படி வச்சிகினு கீற? மருமவ வைக்கிற கொழம்புல காரமே இருக்காது. நான் வச்சா அவளுக்கு வவுறு எரியுது. தனி அடுப்பு நான்தான் கேட்டேன். இப்ப ஒரு பேஜாரும் இல்ல.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மருமகள் கிண்ணத்தோடு வந்தாள். மாமியாரின் சட்டியைத் திறந்து இரண்டு துண்டு மீனை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். குழம்பைத் தொடவில்லை.

எழுதியதை அடித்தேன்.

நாவலூரில் என்னோடு இருக்கும் அம்மாவும் ஆறு மாதமாகத் தனி அடுப்புதான் கேட்டுக்கொண்டிருந்தாள். முதியோரைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறவள் பெற்றவளைத் தனியாகப் பொங்க விட்டாள் என்று நாலு பேர் சொல்வார்களே என்று நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அன்று திரும்பும் வழியிலேயே ஓர் அடுப்பு வாங்கினேன்.

மறுநாள் மதியம் அம்மா வத்தக்குழம்பு வைத்தாள். வாசனைக்கு எழுந்துபோய்க் கரண்டியை எடுத்தேன்.

“கேட்டுட்டு எடுடி,” என்றாள்.

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.