ஆளில்லாத ஊரிலிருந்து ஏழு பேர்

நான்கு வருடத்துக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் நடந்தது இது.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. கொரோனா சமயத்தில் நின்ற டவுன் பஸ் அதன்பிறகு வரவேயில்லை. பஸ் பிடிக்க கூட்ரோடு வரை நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியெல்லாம் சவுக்குத் தோப்பு. நான் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன், எனக்கு நடை பழகிவிட்டது. ஆனால் என் மகள் அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தாள். பிளஸ் ஒன் படிக்கத் திண்டிவனம்தான் போகவேண்டும். அவளுக்கு முன்னால் மூன்று பெண்கள் இந்த வழிக்குப் பயந்தே படிப்பை விட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும், "போதும், நிறுத்திடலாம்" என்று ஆரம்பித்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, பிளஸ் ஒன் சேர்த்துவிட்டேன்.

பஸ் கேட்டு விழுப்புரம் போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்கு மனு கொடுத்தோம். பதில் கடிதம் வந்தது. ஊரில் வசிப்பவர்கள் மிகக் குறைவு, பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, ஆகவே பேருந்து இயக்க இயலாது. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறிக்கப் போகும் பெண்கள் ஆறு பேர் அன்றைய கூலியை விட்டுவிட்டு என்னோடு விழுப்புரம் கிளம்பினார்கள்.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரி எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நானே நேர்ல வந்து பாத்தேம்மா. ஊர்ல ஆளே இல்ல."

"எத்தினி மணிக்கு சார் வந்தீங்க?"

"பதினோரு மணி இருக்கும்."

"பதினோரு மணிக்கு வூட்ல குந்திக்கினு இருந்தா எங்க அடுப்பு எப்பிடி சார் எரியும்? பஸ் இல்லாததாலதான் விடிஞ்சதும் நடக்க ஆரம்பிச்சிடுறோம். காலைல ஆறு மணிக்கு வந்து எண்ணிப் பாருங்க."

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஆறு மணிக்கு நான் எப்படிம்மா வர்றது? அந்நேரத்துக்கு உங்க ஊருக்கு ஏது பஸ்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பக்கத்து மேஜைக்காரர் ஃபைலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்ப சொன்னீங்களே, அத அப்பிடியே எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க சார். வாங்காம போமாட்டோம்" என்றேன்.

ஏழு பேரும் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டோம். சாப்பிடப் போகும்போதும் வரும்போதும் அவர் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. காவலாளி வந்து எழுந்திருக்கச் சொன்னார். எங்களில் கைக்குழந்தையோடு வந்திருந்தவள் அசையாமல், "ஊர்ல ஆளே இல்லன்னு எழுதியிருக்காங்க. இல்லாத ஆள எப்பிடிண்ணா எழுப்புவீங்க?" என்று கேட்டாள். காவலாளி வாசலுக்கே திரும்பிப் போய்விட்டார்.

நான்கு மணிக்கு அதிகாரியே வெளியில் வந்து, "புதன்கிழமை காலைல வர்றேன்" என்றார்.

நாங்கள் நம்பவில்லை. ஆனால் வந்தார், சொந்த பைக்கில். ஊர் எல்லையில் நின்று, கடந்து போகிற ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டார். கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள், பால்காரர்கள், களை எடுக்கப் போகும் பெண்கள், சீருடைப் பிள்ளைகள். என் மகள் அவர் எதிரில் நின்று, "என்னையும் எண்ணிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். கோடுகள் இரண்டு பக்கம் தாண்டின.

உடனே பஸ் வந்துவிடவில்லை. இன்னும் ஐந்து முறை விழுப்புரம் அலைந்தோம். பிறகுதான் காலை பஸ் வந்தது. மாலை பஸ் இன்னும் இல்லை. அதற்கும் மனு போட்டிருக்கிறோம், விடப்போவதில்லை. மகள் இப்போது விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போகிறாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் அரசாங்கக் காகிதம் என்றாலே எனக்குப் பயம். இப்போது, அதில் எங்களைப் பற்றித் தப்பாக ஒரு வரி இருந்தாலும், எழுதியவர் எதிரில் போய் நின்று திருத்தச் சொல்ல என்னால் முடியும்.